போர்டைப் பார்த்து அப்படியே அடிக்காங்க, என்ன செய்ய?

சேரன்மாதேவி டீச்சர்:
ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கேன். 34 பிள்ளைங்க, ஓடுற கம்ப்யூட்டர் மூணு. பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில 5-ம் வாய்ப்பாடு வர்ற மாதிரி நாலு வரி போர்டுல எழுதிப் போட்டேன். பிழையில்லாம அடிச்சாங்க, விடையும் வந்துச்சு. "சரி, 7-ம் வாய்ப்பாடு வேணும், எதை மாத்தணும்?"னு கேட்டேன். வகுப்பே கப்சிப். ஒருத்தன் மட்டும், "அதையும் எழுதிப் போடுங்க டீச்சர்"ன்னான். ராத்திரி பூரா அதே நினைப்பு. எங்கேருந்து தொடங்கணும்?

பாளையங்கோட்டைக்காரன்:
டீச்சர், ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். 1-லேருந்து 100-க்குள்ள ஒரு எண்ணை நீங்க மனசுல வச்சுக்கிடுங்க. பிள்ளைங்க எண்ணைச் சொல்லட்டும், நீங்க 'கூட', 'குறைய' மட்டும் சொல்லணும். முதல்ல 13, 77-னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. ஏதாவது ஒரு பிள்ளை 50-ல தொடங்கும். பிறகு 25, இல்லேன்னா 75. ஒவ்வொரு தடவையும் பாதி கழிஞ்சிரும், ஏழு தடவைக்குள்ள எந்த எண்ணும் மாட்டிரும். அது ஏன்னு அவங்களே சொல்லுற வரைக்கும் பொறுத்திருங்க. அதுதான் கஷ்டம்.

வீரவநல்லூர் அக்கா:
அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. சீமோர் பாப்பெர்ட்டுங்கிற கணித அறிஞரும் அவர் கூட்டாளிங்களும் 1967-ல பிள்ளைங்களுக்காகவே 'லோகோ'ன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி செஞ்சாங்க. அதுல ஒரு ஆமை. 'முன்னால போ, வலப்பக்கம் திரும்பு'ன்னா கோடு போட்டுக்கிட்டே போகும். பைத்தான்லயும் அந்த 'டர்ட்டில்' உண்டு. ஆனா முதல்ல ஒரு பிள்ளையே ஆமையா மைதானத்துல நிக்கட்டும்.

சேரன்மாதேவி டீச்சர்:
போன வாரம் எண் விளையாட்டு, இன்னைக்கு ஆமை. ஒரு பையன் கையில குச்சி, வேப்பமரத்தடி மண்ணு. அஞ்சு அடி போ, 90 பாகை திரும்பு, இப்படி நாலு தடவை. சதுரம் வந்துச்சு. உடனே பத்தமடைப் பிள்ளை ஒண்ணு, "எங்கம்மா பாய் நெய்யுறதும் இப்படித்தான் டீச்சர். கரையில மூணு சிவப்புக் கோரை, ரெண்டு பச்சை, மறுபடியும் மூணு சிவப்பு"ன்னா. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற 'லூப்'புக்கு நான் வேற விளக்கமே சொல்லலை.

அடுத்து முக்கோணம். 60 பாகைன்னு எல்லாரும் ஒரே குரல். அவனும் திரும்பித் திரும்பி மூணு கோடு போட்டான். ஒண்ணோட ஒண்ணு சேரலை, பாதி அறுகோணமாத் திறந்து கிடந்துச்சு. அவன் மறுபடி முதல் முனையில போய் நின்னான். பார்த்துக்கிட்டிருந்த திசைக்கு ஒரு கை, போக வேண்டிய திசைக்கு ஒரு கை நீட்டினான். "டீச்சர், 60 உள்ளே இருக்கு. நான் திரும்புறது வெளியே. 180-ல 60 போனா 120!"

மணி அடிச்சும் ஒருத்தரும் நகரலை. நாளைக்கு ஐங்கோணம் வேணுமாம்.