முள்ளுக்கு ஒரு ஷூ, மணலுக்கு ஒரு ஷூவா?

உச்சிப்புளி_தம்பி:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. போலீஸ் வேலைக்குத் தயாராகிட்டிருக்கேன். 1500 மீட்டரை 7 நிமிசத்துல முடிக்கணும், இப்ப 7.40 ஆகுது. வீட்டுலருந்து கருவேலங்காட்டு மண்பாதைல ரெண்டு கிலோமீட்டர் ஓடுனா புதுமடம் கடற்கரை. அங்க கொஞ்சம் ஓட்டம். ஞாயித்துக்கிழமை மட்டும் தார்ரோடு. பழைய ஷூவோட அடி மொழுமொழுன்னு ஆயிருச்சு. கடைக்காரர் ரோட்டுக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சோடி எடுத்து வைக்கிறார். என் கையில இருக்கிறது 1800 ரூபா. என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_பிடி_வாத்தியார்:
ஒண்ணும் வாங்காதே தம்பி. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மணல்ல வெறுங்காலோட ஓடவிட்டவன் சொல்றேன். கணுக்கால் உறுதியாகணும்னா மணலை விட்டா வேற வாத்தியார் கிடையாது. அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல மாரத்தான் முழுசையும் வெறுங்காலோட ஓடித்தான் தங்கம் வாங்கினார். உனக்கு இருக்கிறது ஒண்ணரைக் கிலோமீட்டர். 1800 ரூபாய்க்கு முட்டையும் கடலையும் வாங்கித் தின்னு.

கீழக்கரை_லாத்தா:
சார், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா அதே பிக்கிலா 1964 டோக்கியோவுல ஷூ போட்டு ஓடினார். அங்கேயும் தங்கம், நேரமும் குறைச்சல். ரோம்ல 2 மணி 15 நிமிசம், டோக்கியோவுல 2 மணி 12 நிமிசம். ரோம்ல அவர் ஷூவைக் கழட்டினதுக்குக் காரணமே, கிடைச்ச புது ஷூ காலுக்குப் பொருந்தலைங்கிறதுதான்னு சொல்வாங்க. அப்ப சேதி வெறுங்கால் இல்ல, அளவு.

இன்னொண்ணு. நம்ம கரை என்ன வெறும் மணலா? வலை உதறுற இடத்துல கெளுத்தி முள் கிடக்கும். ஒரு தடவை எனக்குக் குதிகால்ல ஏறி, மூணு நாள் கால் ஊன முடியல.

தங்கச்சிமடம்_பிடி_வாத்தியார்:
1964ன்னதும் எனக்கு டோக்கியோ ஞாபகம் வரல தாயி, தனுஷ்கோடிப் புயல்தான் வருது. எங்க அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். சரி, அதை விடுங்க. வலை உதறுற இடத்துல யார் ஓடச் சொன்னா? தள்ளிப்போய், அலை தொட்டுட்டுப் போன ஈர மணல்ல ஓடணும். காலைல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு ஓடுனா முள்ளு தெரியும்.

சாயல்குடி_பனங்காட்டான்:
எல்லாரும் கடலையே பேசுறீங்க. தம்பி முதல்ல எழுதுனது கருவேலங்காடு. அதைப் படிச்சீங்களா இல்லையா?

போன வருசம் பெரிய ஊர்க் கடை ஒண்ணுல, அமுக்குனா பஞ்சு மாதிரி உள்ள போற ஷூ வாங்கினேன். காலுக்கு மெத்தை மாதிரி சொகம். நாலாம் நாள் சீமைக்கருவை முள்ளு அடில ஏறி, உள்ளங்கால்ல வந்து எட்டிப் பார்த்துச்சு. சைக்கிள் டயரையே ஓட்டை போடுற முள்ளு அது, ஃபோம் அதுக்கு எம்மாத்திரம்? வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தாத்தான் தெரியுது, குதிலயும் விரல் பக்கமும் மட்டும் ரப்பரை ஒட்டிருக்கான், நடுவுல வெறும் ஃபோம். எடை குறையணும்னு அப்படிச் செய்றாங்களாம். அவன் ஊர் ரோட்டுக்கு அது சரி. நம்மூருக்கு அடி முழுசும் கெட்டி ரப்பர் வேணும். கடையில ஷூவைத் திருப்பி நகத்தால அழுத்திப் பாரு மாப்ள. நகம் பதிஞ்சா வச்சுட்டு வந்துரு.

ராம்நாடு_கணக்குப்பிள்ளை:
ரப்பர் கூடுனா எடையும் கூடும். ஒவ்வொரு ஷூவுலயும் 100 கிராம் கூடுனா ஓட்டத்துக்கு ஆகுற சக்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும்னு அளந்திருக்காங்க. 7 நிமிசத்துக்கு 40 செகண்டு தள்ளி நிக்கிற ஆளுக்கு அது பெரிய விசயமில்ல. முள்ளு குத்தி ஒரு வாரம் படுத்தாத்தான் நட்டம்.

வாத்தியார் சாருக்கு ஒரு கணக்கு. காய்ஞ்ச மணல்ல ஓடுனா கெட்டித் தரையை விட 1.6 மடங்கு சக்தி போகுது. பயிற்சிக்கு நல்லதுதான். ஆனா தம்பி பரீட்சையில ஓடப்போறது மைதானத்துல. 400 மீட்டர் சுத்து மூணே முக்கால். ஒரு சுத்துக்கு 1 நிமிசம் 52 செகண்டு வரணும். மணல்ல அந்த வேகமே வராது. வேகம் பழகாம வலு மட்டும் ஏத்தி என்ன செய்ய?

தங்கச்சிமடம்_பிடி_வாத்தியார்:
வலு இல்லாம வேகம் எங்கிருந்து வரும்? கணக்கு பேப்பர்ல ஓடும் பிள்ள, கால் தரையிலதான் ஓடணும்.

கீழக்கரை_லாத்தா:
சார் சொல்ற ஈர மணல்லயும் ஒரு சிக்கல் இருக்கு. கரை கடலைப் பார்த்துச் சரிஞ்சு கிடக்கும். ஒரே பக்கமா ரெண்டு கிலோமீட்டர் போனா கடல் பக்கத்துக் கால் எப்பவும் பள்ளத்துல. இடுப்புலருந்து முழங்கால் வரைக்கும் ஒரு பக்கமா இழுக்கும். போன தூரத்தை அதே சரிவுலயே திரும்பி வந்தாத்தான் சமமாகும். பாதி தூரம் போய்ட்டு மேல ரோட்டேறி வீட்டுக்குப் போற பழக்கம் எனக்கிருந்துச்சு. அந்த வலி போக ஒரு மாசமாச்சு.

தங்கச்சிமடம்_பிடி_வாத்தியார்:
இது நியாயம். நான் பிள்ளைகளைப் போக வர ஓடவிடுவேன், ஆனா காரணம் சொன்னதில்ல.

பாம்பன்_கச்சான்:
அந்த ரெண்டு சோடிக் கதைக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் ஒரே சோடிக் கட்சி. முகுந்தராயர்சத்திரத்துலருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ரோடு. கச்சான் காத்து காலத்துல பாதி ரோட்டை மணல் மூடிக்கிடக்கும். நீங்க எதைப் போட்டுட்டு ஓடுவீங்க, ரோட்டு ஷூவா, மண்ணு ஷூவா? பத்தடிக்கு ஒருக்கா மாத்துவீங்களா?

ஆழமா பல்லு பல்லா வெட்டுன மண்ணு ஷூ சேறு, மலைச் சரிவு இதுகளுக்குச் செஞ்சது. நம்மூர்ல சேறு வருசத்துல எத்தனை நாள்? தார்ல அந்தப் பல்லு வெரசா தேயும், தட்டுத்தட்டுன்னு இடிக்கும். கட்டை கட்டையா, ஆழமில்லாம வெட்டுன ரோட்டு ஷூ மூணுக்கும் தாங்கும்.

சாயல்குடி_பனங்காட்டான்:
அண்ணே, முழு ரப்பர் இருந்தா. அதைச் சொல்லாம விடாதீங்க.

பாம்பன்_கச்சான்:
சரிப்பா, முழு ரப்பர். விட மாட்டியே!

மேல்துணியையும் பாருங்க. வலை மாதிரி பெரிய ஓட்டையா இருந்தா மணல் உள்ள புகுந்து உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி விரலைத் தேச்சுரும். நெருக்கமா நெய்ஞ்ச துணி நல்லது. கடல்தண்ணி பட்டா அன்னைக்கே நல்லதண்ணியில அலசணும். மொட்டை மாடி வெயில்ல காயப்போட்டா பசை விட்டுப்போகும், நிழல்ல, உள்ள பழைய பேப்பரைத் திணிச்சு வைக்கணும். என்னோட முதல் ஷூ வாய் பிளந்தது ஓடி இல்ல, காய்ஞ்சு.

கீழக்கரை_லாத்தா:
சாயங்காலமா கடைக்குப் போ தம்பி, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். ஓடுறப்ப போடுற அதே சாக்ஸைக் கொண்டுபோ. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்கணும். கடைக்காரர் போடப்போட லூசாகும்னு சொன்னா நம்பாதே. அங்கேயே ரோட்டுல நூறடி ஓடிப்பாரு. விடமாட்டேன்னா வேற கடை.

ராம்நாடு_கணக்குப்பிள்ளை:
ஷூவை மடக்கியும் பாரு. விரல் மடங்குற இடத்துல மடங்கணும். நடுவுல மடங்குனா வேணாம்.

உச்சிப்புளி_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் மூணு கடை ஏறி இறங்குனேன். 1450 ரூபாய்க்கு ஒரே சோடி. அடி முழுசும் ரப்பர், நகம் பதியல. மடக்கிப் பார்த்ததுக்குக் கடைக்காரர் முறைச்சார். காட்டுப்பாதைல இன்னைக்குக் காலைல ஓடுனேன், அடில நாலு முள்ளு ஒடிஞ்சு நிக்குது, உள்ள வரல. கொஞ்சம் கனமாத்தான் இருக்கு.

வாத்தியார் சார், மீதி 350 ரூபாய்க்கு முட்டை வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ரோட்டு ஓட்டத்தை விட்டுட்டு உங்க பக்கம் மணலுக்கு வரலாமா?

தங்கச்சிமடம்_பிடி_வாத்தியார்:
அஞ்சரைக்கு வா. கரைக்கு வர்ற வரைக்கும் ஷூ போட்டுக்க. அதுக்கப்புறம் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுத்தான் ஓடணும்.