சின்ன ஃபிளாட்டுக்கு எடை குறைந்த பேஸ் ஆம்ப் எது? ஏ கம்பியைத் தட்டினால் கீழ் வீடு அதிர்கிறது

பெரம்பூர் பேஸ்:

வணக்கம். பெரம்பூரில் இரண்டாவது மாடி, ஒரு பெட்ரூம் ஃபிளாட், லிஃப்ட் கிடையாது. நாலு கம்பி ஜாஸ் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை, மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மெல்லிசைக் கச்சேரி. இப்போது இருப்பது, குழுவில் எனக்கு முன்னால் வாசித்த அண்ணன் கொடுத்துவிட்டுப் போன பழைய காம்போ, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. 15 இன்ச் ஸ்பீக்கர், 27 கிலோ. ஸ்கூட்டரில் முன்னால் வைத்தால் ஹேண்டில்பார் திரும்பாது. ஒவ்வொரு வாரமும் ஆட்டோதான்.

தூக்கிப் பழகிவிட்டது. கஷ்டம் வீட்டுக்குள்தான். வாசிக்கும் அறை 10 அடிக்கு 12 அடி. வால்யூம் 2-ஐத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் ஓப்பன் ஏ தட்டினால் அறை முழுக்கக் 'கும்' என்று நிற்கிறது. ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட், அதாவது ஜி, அதுவும் கொஞ்சம் அப்படித்தான். அதே ஏ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டுக்கு, சி-க்குப் போனால் ஒழுங்காகிவிடுகிறது.

கீழ் வீட்டில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கும் ஓர் அம்மா இருக்கிறார். கோபப்படவில்லை. "பாட்டுச் சத்தம் வரலை தம்பி, தரைதான் நடுங்குது, டம்ளர் ஸ்டாண்டு கிடுகிடுன்னு ஆடுது" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை. போனில் ஒரு ஆப் போட்டு அளந்தேன், 58 டெசிபல்தான் காட்டுகிறது.

பட்ஜெட் 30,000 ரூபாய். 8 இன்ச் சின்ன ஆம்ப் வாங்கினால் தீருமா? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பயன் உண்டா?

ஃபேடர்:

தம்பி, முட்டை அட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஓப்பன் ஏ 55 ஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். இரண்டு இன்ச் அட்டை அதற்கு ஒரு தடையே இல்லை. கைதட்டினால் வரும் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

உங்கள் அறையும் ஏ கம்பியும் சுருதி சேர்ந்துவிட்டன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தினால் அந்த ஸ்வரம் அடங்காமல் நிற்கும். 10 அடி என்பது 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதை இரண்டு மடங்கு நீளத்தால், 6.1-ஆல், வகுத்தால் 57 வருகிறது, ஏ-வுக்கு ஒட்டினாற்போல். 12 அடிக்கு இதே கணக்குப் போட்டால் 48. ஜி 49. நீங்கள் சொன்ன இரண்டு ஸ்வரமும் வந்துவிட்டன. சி 65 ஹெர்ட்ஸ், இரண்டிலும் மாட்டாததால் தப்பித்தது.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தரையிலிருந்து கூரை எத்தனை அடி? ஆம்ப் மூலையில் இருக்கிறதா? நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறீர்களா?

போன் ஆப்பை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஏ-வெயிட்டிங் என்ற அளவில் காட்டுபவை. மனிதக் காது போலக் கணக்கிடுவதற்காக 50, 60 ஹெர்ட்ஸ் பகுதியை 25 முதல் 30 டெசிபல் வரை குறைத்துத்தான் எண் வரும். டம்ளருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

பெரம்பூர் பேஸ்:

அண்ணா, டேப் வைத்து அளந்தேன். கூரை 9 அடி 10 அங்குலம். ஆம்ப் மூலையில்தான், டைல்ஸ் தரையில். நான் கட்டிலில் சுவரில் சாய்ந்துதான் வாசிப்பேன். பேஸ் நாப் 8-ல் இருக்கிறது, குறைத்தால் உப்புச் சப்பில்லாமல் கேட்கிறது.

ஃபேடர்:

அப்போது கூரையும் அதே ஸ்வரத்தில்தான் இருக்கிறது, கணக்கு 58 வருகிறது. அகலவாக்கில் ஒன்று, உயரவாக்கில் ஒன்று, இரண்டும் ஏ-வைத் தாங்கிப் பிடிக்கின்றன. மூலையில் வைத்த பெட்டி இதைக் கிளப்பிவிடும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது உச்சமாகக் கேட்கும், அறை நடுவில் அடங்கும். இப்போதே ஆம்பை மூலையிலிருந்து மூன்றடி வெளியே இழுத்து, உறுதியான ஸ்டூலில் தடிமனான ரப்பர் பாய் போட்டு வையுங்கள். உங்கள் காதுக்கு வித்தியாசம் உடனே தெரியும். கீழ் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்பது வேறு கதை. காற்றில் நிறையும் அதிர்வும் தரையை ஆட்டும்.

பேஸ் நாப் 8 என்பதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஸ்வரங்களை மேல் ஸ்வரங்களைவிட வேகமாகக் கைவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். மெதுவாக வாசிக்கும்போது பேஸ் இல்லாதது போலத் தோன்றும், நாமும் நாபைத் திருகுவோம். திருகியது முழுக்கக் கீழே இறங்கும். நாபை 4-க்குக் கொண்டுவந்து மிடிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விரல் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்று செய்யுங்கள். வீட்டில் யாரையாவது ஏ கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே போய் அந்த அம்மா வீட்டில் நின்று கேளுங்கள். அதற்குப் பிறகு ஆம்பைப் பற்றிப் பேசலாம்.

ஓஎம்ஆர் லோ எண்ட்:

நண்பரே, ஃபெண்டர் ரம்பிள் 25 வாங்கிவிடுங்கள். 8 இன்ச் ஸ்பீக்கர், ஹெட்போன் ஜாக் இருக்கிறது, அறைக்குப் போதும். நான் மூன்று வருடமாக அதில்தான் வாசிக்கிறேன்.

கொயர் தாத்தா:

25 அறைக்குச் சரி. ஆனால் இவர் கச்சேரிக்கும் போகிறார். அதில் எக்ஸ்எல்ஆர் அவுட் கிடையாது. ரம்பிள் 40-ல் 10 இன்ச் ஸ்பீக்கர், எக்ஸ்எல்ஆர் அவுட், எடை 8 கிலோ சொச்சம்தான். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு கேபிள் கொடுத்தால் நேராக மிக்சருக்குப் போய்விடும், ஆம்ப் உங்களுக்கு மட்டும் மானிட்டராக நிற்கும். ஹெட்போன் ஜாக் இதிலும் உண்டு.

எடை எங்கே போனது என்று பலர் கேட்பார்கள். நான் பெட்டி தூக்கிய காலத்தில் ஆம்ப் என்றால் உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட், வால்வு. அதன் ஹெட் மட்டும் 35 கிலோவுக்கு மேல், அதற்கு ஜோடியான, எட்டு ஸ்பீக்கர் உள்ள ஒரே பெட்டியை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இப்போது கிளாஸ் டி சர்க்யூட்டும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் வந்து அந்த இரும்பைத் தேவையில்லாமல் செய்துவிட்டன. டிரேஸ் எலியட் எல்ஃப் என்று ஒன்று, 200 வாட், எடை முக்கால் கிலோகூட இல்லை, உள்ளங்கையில் நிற்கும். ஆனால் அதற்குத் தனியாக ஸ்பீக்கர் பெட்டி வாங்க வேண்டும், 8 ஓம் பெட்டி போட்டால் முழு 200 வாட்டும் வராது. உங்கள் பட்ஜெட்டில் இரண்டும் அடங்குவது கஷ்டம்.

எனக்குத் தோன்றுவது வேறு. அந்த 27 கிலோ பெட்டியைச் சர்ச்சிலேயே விட்டுவிட முடியாதா? பூட்டி வைக்க ஓர் அறை இருக்கும் அல்லவா? ஞாயிறு தூக்க வேண்டியதே இல்லை.

பெரம்பூர் பேஸ்:

தாத்தா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பாஸ்டரிடம் கேட்டேன், மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஃபேடர் அண்ணா சொன்னபடி நேற்று மாலை கீழே போனேன். மேலே தம்பி ஏ கம்பியைத் தட்டினான். அந்த அம்மாவின் சமையலறையில் ராகமும் இல்லை தாளமும் இல்லை, யாரோ மாடியில் மெத்தையைக் கீழே போட்டுப் போட்டு எடுப்பது மாதிரி இருந்தது. டம்ளர் ஸ்டாண்டில் கை வைத்துப் பார்த்தேன், விரலுக்குத் தெரிந்தது. சி தட்டச் சொன்னேன், பாதிகூட இல்லை. பிறகு ஆம்பை வெளியே இழுத்து ஸ்டூலில் வைத்து, பேஸ் நாபைக் குறைத்துத் தட்டினான். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இனி அந்த அறையில் ஸ்பீக்கர் போட்டு வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

ஃபேடர்:

சரியான முடிவு. அப்படியானால் வீட்டுக்கு ஆம்பே வேண்டாம், ஹெட்போன்தான். ஜூம் பி1 ஃபோர் பாருங்கள், பேஸையும் ஹெட்போனையும் நேராகச் செருகி வாசிக்கும் சின்ன எஃபெக்ட்ஸ் பெட்டி. நாலு ஏஏ பேட்டரியில் ஓடும். ஆம்ப் மாடல்கள், டியூனர், ரிதம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, போனிலிருந்து பாட்டை ஆக்ஸ் இன்னில் கொடுத்துக் கூடவே வாசிக்கலாம். இன்னும் எளிமை வேண்டுமென்றால் வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ், நேராக கிட்டார் ஜாக்கில் செருகிவிட வேண்டியதுதான். பழகுவதற்கு நான் ஜூமைத்தான் சொல்வேன், ரிதத்தோடு பழகினால் கை நிற்கும்.

ஜூமின் வெளி ஜாக் பெரியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன ஹெட்போனுக்கான அடாப்டர் கிடைக்கும். ஸ்டீரியோ அடாப்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள், பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். மோனோ போட்டால் ஒரு காதில்தான் கேட்கும்.

ஹெட்போன் ஒயர் வைத்தது, காதை முழுக்க மூடுவது. புளூடூத் வேண்டவே வேண்டாம். விரல் தட்டிய பிறகு சத்தம் காதுக்கு வரத் தாமதமாகும், தாளம் கெட்டுப்போகும். அப்புறம் ஹெட்போனில் பேஸ் அலுப்புத் தட்டாது, அதனால் வால்யூமைக் குறைவாக வையுங்கள், முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றுங்கள். இந்தத் தொழிலில் காது போனால் திரும்பாது.

மிச்சப் பணத்தைக் கச்சேரிக்கு வைத்துக்கொண்டு, தாத்தா சொன்ன ரம்பிள் 40-ஐ நிதானமாகத் தேடலாம். யாராவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று கொடுத்தால் பின்பக்கம் வோல்டேஜ் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் பெட்டியை நம் 230-ல் செருகினால் அதோடு முடிந்தது.

பெரம்பூர் பேஸ்:

ஜூம் வாங்கிவிட்டேன், ஒரு வாரமாக அதில்தான் பழகுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கும் வாசிக்க முடிகிறது. ஒரே ஒரு தொல்லை. ஹெட்போனில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது, விட்டால் ஏறுகிறது. பேட்டரியில்தான் போட்டிருக்கிறேன், அதனால் கரண்ட் கோளாறாக இருக்காது என்று நினைக்கிறேன். பெட்டி பழுதா?

ஓஎம்ஆர் லோ எண்ட்:

ஜாஸ் பேஸ்தானே? கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் நாப் இருக்கும். இரண்டையும் முழுசாகத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று எதிராகச் சுற்றிய காயில்கள், இரண்டும் சம அளவில் இருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும்.

கொயர் தாத்தா:

அறையில் ஃபேன் ரெகுலேட்டரையும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டையும் பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் கேளுங்கள், பிறகு இரண்டில் வைத்துக் கேளுங்கள். பேஸைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினால் ஒரு திசையில் இரைச்சல் குறையும், அதிலிருந்தே எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

சர்ச்சில் வைத்த பழைய காம்போவின் பிளக்கையும் ஒருமுறை பாருங்கள். மூன்றாவது, தடித்த பின் உடைந்திருந்தாலோ ரெண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். எர்த் இல்லாத ஆம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு படப் பாடிய ஒரு பையனுக்கு ஷாக் அடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர் பேஸ்:

ஃபேன்தான். பழைய திருகு ரெகுலேட்டர், இரண்டில் வைத்தால் இரைச்சல், ஐந்தில் வைத்தால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இரண்டு நாபும் திறந்தால் மிச்சமும் அடங்குகிறது. ரெகுலேட்டரை மாற்ற எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். சர்ச் பிளக்கில் எர்த் பின் இருக்கிறது, ஆனால் உள்ளே பச்சை ஒயர் கழன்று கிடந்தது. நேற்று அவரை வைத்தே அதை மாட்டியாகிவிட்டது. தாத்தா, அதைச் சொன்னதற்கு மிகவும் நன்றி.

ரம்பிள் 40 ஒன்று செகண்ட் ஹாண்டில் அண்ணா நகரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சனிக்கிழமை பேஸையும் எடுத்துக்கொண்டு போய், ஏ கம்பியில் தொடங்கி எல்லா ஃபிரெட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.