பழவேற்காடு போனால் ஊருக்குள்ளும் நடந்து வாருங்கள்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஏரியைப் பார்த்து, நண்டோ இறாலோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள் கால் வைக்காமல் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு அங்கே நடந்த பிறகுதான் புரிந்தது.

டச்சுக் கல்லறையிலிருந்து தொடங்குங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே 1600-களில் இறந்தவர்களின் கல்லறைகள். பலகை பலகையாகக் கருங்கல், அதில் குடும்பச் சின்னங்கள், டச்சு எழுத்துகள். குனிந்து பார்த்தால் உளி போன தடம்கூடத் தெரிகிறது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடும் அகழியுமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி கப்பலேறியது. கூடவே மனிதர்களும் அடிமைகளாக பதேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். அந்த மேட்டில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். செம்பாறாங்கல்லில் கட்டியது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் உள்ளங்கை அளவுச் சிற்பங்களில் ராமாயணக் காட்சிகள்.

அப்புறம் கரைக்குப் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "எங்க வேணாலும் வலை போடலாமா ஐயா?" என்று கேட்டேன். "அதெப்படி தம்பி? எல்லா எடமும் ஒண்ணா? நல்லா விழுற எடத்த ஒருத்தரே வச்சிக்கிட்டா மத்தவன் என்ன பண்ணுவான்? அதான் பாடு வச்சிருக்கோம்" என்றார். இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. எத்தனையோ தலைமுறையாக ஊரே சேர்ந்து கட்டிக்காத்து வருகிறது. எனக்குக் கோட்டையைவிட இதுதான் பெரிய வரலாறாகப் பட்டது.

சற்றுத் தள்ளி இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பிடித்ததைப் போட ஒரு பறி, அதாவது கூடை மட்டும். ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை என்பதால் இது முடிகிறது. கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இவர்கள் பிழைப்பும் அதோடு படுத்துவிடும்.

பூநாரை பார்க்க ஆசையென்றால் மழைக்காலம் முடிந்து, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், காலையிலேயே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால் சில நாள் பூநாரைக் கூட்டம் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும்.

படகு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது.