ஆயுத பூஜைக்குக் கும்பிடாதவருக்கு போனஸை வெட்டலாமா?

வெட்டூர்ணிமடத்தான்:
சொந்தக்காரர் ஒருத்தருக்கு நாகர்கோவில்ல லேத் பட்டறை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு வேலையாள் மெஷினையெல்லாம் துடைச்சு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். பூஜையில கூட நின்னார். ஆனா சந்தனம் வைக்கல, தீபாராதனைத் தட்டைத் தொடல, பொரியும் வாங்கல. பெந்தெகொஸ்தே சபைக்காரர். தீபாவளி போனஸ் அவருக்கு மட்டும் பாதி. தப்புன்னு சொன்னேன், வீட்டுல சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?

கோட்டாறு_கடைக்காரன்:
இதுல மதம் எங்க வந்துச்சு? சோறு போடுற மெஷினுக்கு மரியாதை, அவ்வளவுதான். எங்க கடையில நிக்கிற சாயிபு பொரியும் பழமும் வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவருக்கு ஈமான் குறைஞ்சா போச்சு? நல்ல நாளும் அதுவுமா பத்துப் பேர் முன்னால முதலாளி முகம் எப்படி இருந்திருக்கும்? போனஸ் அவர் மனசாரக் கொடுக்கறது.

தக்கலை_வக்கீல்:
மனசைப் பொறுத்தது இல்ல அண்ணாச்சி. 1965 போனஸ் சட்டத்துலயே குறைஞ்சது 8.33 சதவீதம்னு இருந்துச்சு, அதுக்குப் பதிலா 2025-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அப்படித்தான். மோசடி, திருட்டு, வேலையிடத்துல அடிதடி மாதிரி காரணத்துக்கு வேலையை விட்டு நீக்கினாத்தான் அது பறிபோகும். (சின்னப் பட்டறை இதுக்குள்ள வராம போகலாம், அது வேற.) கேரளத்துல யெகோவாவின் சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு வீட்டுப் பிள்ளைங்க மூணு பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்னாங்க, பாடல. பள்ளிக்கூடம் வெளியேத்துச்சு. 1986-ல சுப்ரீம் கோர்ட் திரும்பச் சேக்கச் சொல்லிச்சு. இவரும் நின்னாரே!

கோட்டாறு_கடைக்காரன்:
அது பள்ளிக்கூடம். மத சுதந்திரம் பேசுற அரசியலமைப்பு 25-ஆம் பிரிவு என் கடையைக் கட்டுமா?

தக்கலை_வக்கீல்:
நேரடியா கட்டாதுதான். அமெரிக்காவுல 1964 சிவில் உரிமைச் சட்டம் தனியார் முதலாளியையும் கட்டும். ஞாயிறு ஓய்வுநாள், மத நம்பிக்கைப்படி வேலைக்கு வரமாட்டேன்னு சொன்ன க்ராஃப்ங்கிற தபால்காரர் வழக்குல, தொழிலுக்குக் கணிசமான பாரம்னு காட்டினாத்தான் மறுக்கலாம்னு 2023-ல அங்க உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. நம்ம நாட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் அப்படி ஒரு வழி வச்சிருக்கு. மத நம்பிக்கைக்கு இல்ல.

ஜவுளிக்கடைக்காரி:
அமெரிக்காவ விடுங்க. பொரி வாங்கலேன்னா ஆருக்கு என்ன நட்டம்? அது லேசான கேசு. எங்க கதையைக் கேளுங்க. மார்த்தாண்டத்துல ஒரு ஜவுளிக்கடை, ஞாயித்துக்கிழமைதான் கூட்டம். கூட நிக்க அக்காமாரு ஆராதனை முடிஞ்சு மதியந்தான் வருவாவ. அதுவரைக்கும் விரிக்கது, மடிக்கது எல்லாம் எங்க தலையில. ஞாயிறு அவியளுக்கு மட்டுமா? நான் அய்யாவழி, அய்யா வைகுண்டரைக் கும்பிடுதவ. தமிழ் மாச முதல் ஞாயிறு அய்யா பதி இருக்க சாமிதோப்புக்குப் போகணும்னு கேட்டா "நீயுமா?"ங்காரு முதலாளி. சவேரியாருக்கு டிசம்பர் 3, அய்யா பிறந்தநாளு மாசி 20, மண்டைக்காட்டுக் கொடைன்னு கலெக்டர் லீவு விடுவாரு. எங்க ஷட்டர் அன்னைக்கும் தொறந்துதான் கெடக்கும்.

குளச்சல்_அலை:
இங்க இந்தப் பேச்சை எடுத்தா 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்துல போய் நிக்கும். வேலையிடத்துல வேலை, வீட்டுல சாமின்னு இருங்க.

ஜவுளிக்கடைக்காரி:
வீட்டுல இருக்கதுக்கே ஞாயிறு கிடைக்கல அண்ணா.

தக்கலை_வக்கீல்:
தங்கச்சி, 1958 தமிழ்நாட்டுப் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக இன்னும் 5 நாள் சம்பளத்தோட லீவு உண்டு. எந்தப் பண்டிகைன்னு தீர்மானிக்கையில தொழிலாளியையும் கேக்கணும். மாசி 20-ஐ எழுதிக் கொடுத்தீங்களா?

ஜவுளிக்கடைக்காரி:
எங்கிட்ட ஆரு கேட்டா? லிஸ்ட்டு ஒட்டினதுக்குப் பிறகுதான் பாத்தேன்.

கோட்டாறு_கடைக்காரன்:
மாசத்துல ஒரு ஞாயிறு, ஆள் மாத்தி ஆள் விடலாம். எங்க கடையில அப்படித்தான். நாலு ஞாயிறும் வேணும்னா வேற ஆளைப் பாப்பேன், ஒளிக்கதுக்கு என்ன இருக்கு.

ஜவுளிக்கடைக்காரி:
சரி, அது ஞாயந்தான். லேத்துக்காரரு ஒரு ஞாயிறும் கேக்கலியே, எதுக்குப் பாதி?

கோட்டாறு_கடைக்காரன்:
அதைப் பட்டறைக்காரர்கிட்டயே கேளுங்க. நான் என் கடையைச் சொன்னேன்.