மெல்லிசான கையெழுத்து ஃபான்ட் தங்க மையில் நிக்குமா?

வள்ளியூர் டிடிபி:
கல்யாணப் பத்திரிகை. மெரூன் கார்டு, தங்க மை, ஸ்கிரீன் பிரிண்டிங். பொண்ணு மாப்பிள்ளை பேரை இங்கிலீஷில் கிரேட் வைப்ஸ்ங்கிற கோத்து எழுதுற ஃபான்ட்லயும், தமிழில் அதுக்குத் தோதான கையெழுத்துலயும் கேக்காங்க. கம்ப்யூட்டர் திரையில் அம்சமா இருக்கு. சாம்பிள் அடிச்சா மெல்லிசுக் கோடெல்லாம் விட்டு விட்டு விழுது. சைஸைக் கூட்டணுமா, ஃபான்ட்டையே மாத்தணுமா?

ஜங்ஷன் பிரஸ்:
அண்ணாச்சி, எழுத்து சைஸை விடுங்க, அதுல ஆக மெல்லிசான கோடு எவ்வளவுன்னு பாருங்க. கோரல் டிராவில் கண்ட்ரோல் கியூ கொடுத்து எழுத்தைக் கர்வாக்கி (கோட்டு வடிவமாக்கி), பக்கத்தில் அரை பாயிண்ட் கோடு ஒண்ணு வச்சு ஒப்பிட்டாத் தெரிஞ்சிரும். ஆஃப்செட்டுக்கு வெள்ளைத் தாளில் கால் பாயிண்ட் போதும். ஸ்கிரீனுக்கு அரையாவது வேணும், தங்க மைக்கு முக்கால்னா நிம்மதி. அந்த மையில் உலோகத் துகள் பெரிசு, நெருக்கமான மெஷ்ல (ஸ்கிரீன் வலையில) அடைச்சுக்கும். கண்ணு பெரிசான மெஷ்ஷுக்குப் போனா மெல்லிசுக் கோடு ஸ்டென்சில்லயே நிக்காது.

முதல்ல சைஸைக் கூட்டுங்க. பத்தலைன்னா அதே நிறத்தில் 0.2 பாயிண்ட் அவுட்லைன், பக்கத்துக்கு 0.1 கூடும். மூலையை உருண்டைன்னு வைக்கணும், இல்லேன்னா வால் நுனியெல்லாம் முள்ளா நீட்டிக்கிட்டு நிக்கும். அளவு மீறினா சுழி அடைபடும். மூணு சுழி ண தான் முதல்ல காட்டிக்கொடுக்கும்.

பாளை லெட்டரிங்:
அவுட்லைன் கடைசி வழிதான். இந்த எழுத்தோட அழகே, கீழே இழுக்கையில் அழுத்தம், மேலே ஏறுகையில் நுனி மட்டும்கிற வித்தியாசம். ரெண்டுக்கும் ஒரே அளவு சேர்த்தா அது மங்கிரும்.

தமிழுக்கு மெல்லிசு தேவையே இல்லை. நம்ம எழுத்து ஒண்ணோடொண்ணு கோக்காது. கையெழுத்துச் சாயல் சாய்விலயும், ழகர வால், 'தி'யோட கொக்கி மாதிரி இடங்கள்லயும்தான் வருது. கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவாணர் பாருங்க. சாய்வு இருக்கு, கோட்டுக்குச் சதையும் இருக்கு. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், கூலி வேலைக்கும் தாராளமா எடுக்கலாம். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்'னு இலவசமா வர்ற ஃபான்ட் பிரஸ்ஸுக்கு ஆகாது.

இந்த எழுத்து பொண்ணு, மாப்பிள்ளை பெயருக்கு மட்டும் போதும். முகூர்த்த நேரம், மண்டப விலாசம், தாய்மாமன் பட்டியல் எல்லாம் சாதா எழுத்து. இங்கிலீஷை முழுக்க கேப்பிட்டல்ல அடிச்சா ஒருத்தராலும் வாசிக்க முடியாது. எழுத்து இடைவெளியும் பூஜ்யத்திலேயே கிடக்கட்டும்; கூட்டினா கோத்த இடம் விட்டுப்போகும்.

வள்ளியூர் டிடிபி:
சரி, தமிழை மாத்திருதேன். மேடைக்குத் தெர்மாகோல்லயும் இதே இங்கிலீஷ் பேர்தான் கேக்காங்க.

ஜங்ஷன் பிரஸ்:
மெல்லிசுக் கோடு தூக்கும்போதே ஒடிஞ்சிரும், தடிச்ச ஃபான்ட் எடுங்க. கர்வாக்கினதும் வெல்ட் கொடுத்து எல்லா எழுத்தையும் ஒண்ணாக்க மறக்காதீங்க. இல்லேன்னா எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற இடத்தையும் மெஷின் வெட்டிப்போடும், பேர் துண்டு துண்டா வந்து விழும். இங்கிலீஷ் சின்ன 'i' மேல உள்ள புள்ளி தனியா நிக்கும், அதை ஒட்ட பின்னால ஒரு அட்டை வேணும்.

பாளை லெட்டரிங்:
தமிழ் யூனிகோடுன்னா பேஜ்மேக்கர்ல போட்டுப் பாக்காதீங்க. 'கோ'வோட கொம்பு எங்கேயோ, எழுத்து எங்கேயோ கிடக்கும். இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்ங்கிற செட்டிங்கை வச்சுட்டு அடிங்க.