கல் செடிப் பூவை நெருங்கிப் படமெடுத்தால் பாதிதான் தெளிவாக விழுகிறது

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு வராந்தாவில் மழைச்சாரல் படாத மூலையில் வளரும் லித்தாப்ஸ் என்னும் கல் செடி, மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் இந்த ஏப்ரலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸால் மிக நெருங்கி எடுக்கும்போது, மகரந்தம் தெளிந்தால் அடியிலுள்ள கல் போன்ற இலை மங்குகிறது. இலை தெளிந்தால் மகரந்தம் கரைந்துவிடுகிறது. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 22 வரை சுருக்கியும் படம் மந்தமாகிறதே தவிரக் கூர்மை கூடவில்லை. இதழ்களோ வெறும் வெள்ளைத்தாளாகத் தெரிகின்றன. பழுது லென்ஸிலா, என் கையிலா?

பதில் 1 (பீனிக்ஸ்):
இரண்டிலும் இல்லை, ஐயா. பூவின் உண்மை அளவே, படம் பதியும் சென்சாரில் விழும் நெருக்கத்தில், முழுச்சட்டக் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள) கேமராவில் எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே, உங்கள் பூவுக்கும் இலைக்கும் இடையிலோ 1 செ.மீ. அளவுக்கு உயர வேறுபாடு இருக்கும். மேலும், அந்த நெருக்கத்தில் எஃப் 22 என்பது நடைமுறையில் ஏறத்தாழ எஃப் 44 ஆகிவிடுகிறது. அத்தனை சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதே அந்த மந்தத்துக்குக் காரணம். சற்றுப் பின்வாங்கிப் பாதி அளவில் எடுத்தால் அதே எஃப் 8இல் ஆழம் 3 மி.மீ. வரை கூடும், பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாம். முழு நெருக்கமே வேண்டுமென்றால், முக்காலியில் வைத்து அரை மி.மீ. வீதம் ஃபோகஸை நகர்த்தி இருபது படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குவதை (ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை எடுத்து ஒரே படமாக்குவதை) தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் 2 (வூஸ்டர்):
அடுக்குவதற்கு முன் பூவின் நேரத்தையும் கவனியுங்கள். லித்தாப்ஸ் பூக்கள் நண்பகலுக்குப் பின் விரிந்து மாலையில் குவிபவை. விரியும் வேளையில் தொடங்கினால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இதழ்கள் நகர்ந்து, அடுக்கிய படத்தில் இரட்டை விளிம்பு தோன்றும். முழுதும் விரிந்து அசைவு நின்றபின் எடுங்கள். வெள்ளை இதழ்களுக்கு நேர்வெயில் ஆகாது. பூவுக்கும் வெயிலுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்து, கேமராவில் ஒளியளவை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்தால் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) இதழ்களின் வரிகள் மீளும். (1811இல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா அருகே இச்செடியைக் கண்ட ஆங்கிலேயத் தாவரவியலாளர் பர்ச்செல் முதலில் கூழாங்கல் என்றே எடுத்தாராம், இலையையும் சட்டகத்தில் சேர்க்க நீங்கள் விரும்புவது நியாயமே.)

பதில் 3 (கேப் டவுன்):
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வீட்டுத்தொட்டிக்கு இது பொருந்தாது. ஆனால் நாட்டின் வடமேற்கு வறண்ட பகுதியான நமக்வாலாந்தில் காட்டுச்செடியைப் படமெடுத்தால், படத்தோடு பதிவாகும் ஜி.பி.எஸ். இடக்குறிப்பை நீக்காமல் எங்கும் வெளியிடாதீர்கள். கோனோபைட்டம் போன்ற சிறுசெடிகளைத் தோண்டிக் கடத்துபவர்களுக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று மூன்று மணிக்குமேல், மனைவியின் பழைய வெள்ளைத் துப்பட்டாவைக் கட்டி, எஃப் 8இல் இருபது படங்கள் எடுத்து அடுக்கினேன். மகரந்தமும் இலையின் கோடுகளும் ஒருசேரத் தெளிந்தன. பதினான்காம் படத்தில் எறும்பு ஒன்று இதழில் ஏறிவிட்டதால், அடுக்கியதில் அதற்குத் தலை மட்டும் இருக்கிறது, உடலைக் காணவில்லை. பூ குவிவதற்குள் இன்று பிற்பகல் மறுபடியும் எடுக்கப்போகிறேன்.