சேனலை மூடிய பிறகும் ஓடும் செயல்முறைகள்: பாராமிகோ குறித்து உதவி தேவை

வணக்கம். பைத்தானின் பாராமிகோ நூலகத்தைக் கொண்டு, எஸ்எஸ்எச் (தொலைக் கணினியில் பாதுகாப்பாகக் கட்டளை இயக்கும் முறை) வழியாக 12 லினக்ஸ் சர்வர்களில் பேக்கப் ஸ்கிரிப்டை இயக்கி வருகிறேன். குறித்த நேரம் கடந்தால் என் நிரல் சேனலை (அந்த இணைப்பில் கட்டளை ஓடும் தடத்தை) மூடிவிடுகிறது. ஆனால் சர்வர் பக்கம் ஸ்கிரிப்ட் நிற்பதில்லை. இன்று காலை ஒரே சர்வரில் 9 ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) செயல்முறைகள் கிடந்தன. போலி முனையம் (சர்வரில் உண்மையான டெர்மினல் போல நடிப்பது) கேட்டு இயக்கினால், இணைப்பு அறும்போது ஹேங்-அப் சிக்னல் போய் அவை முடிகின்றன என்றாலும், பிழைச் செய்திகளும் வழக்கமான வெளியீடும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் லாக்கைப் பிரித்துப் படிக்க இயலவில்லை. தற்போதைக்கு ஷெல்லின் பிஐடியை (செயல்முறை எண்ணை) முதல் வரியில் அச்சிடவைத்து, பிறகு தனி இணைப்பில் கில் கட்டளை அனுப்புகிறேன். அது தாய்ச் செயல்முறையை மட்டும் முடித்துப் பிள்ளைகளை விட்டுவிடுகிறது. செட்சிட் கட்டளை கொண்டு ஸ்கிரிப்டையும் அதன் பிள்ளைகளையும் தனிக் குழுவாக்கி, அந்தக் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்புவது போதுமா, அல்லது சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) யூனிட்டாக இயக்குவதே நல்லதா? எனக்கு ரூட் (நிர்வாகி) உரிமை இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்ட வேண்டுகிறேன்.